ஜனவரி 12: ஒரு தேதியின் குளிர்க் கணக்கு

நம் பக்கங்களில் ஜனவரி மாதம் 12-ஆம் தேதி என்பது மார்கழி முடியும் தறுவாய். விடியற்காலையில் வரப்பின் மேல் நடந்தால் பாதம் நனையும். பொழுது நான்கு நாழிகை ஏறியதும் பனி விலகிவிடும். அதன்பின் போர்வையை மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். நமக்குத் தெரிந்த குளிர் அவ்வளவே. ஆனால் பூமியின் வடபாகத்திலுள்ள பல தேசங்களில் இதே தேதி மனிதரையும் கால்நடைகளையும் மாய்த்த தேதியாகப் பலமுறை பதிவாகியிருக்கிறது.

ஓர் அங்கத்தினரின் வரவு செலவைப் பேரேட்டில் வருஷந்தோறும் தொடர்ந்து பார்த்தால், அவருடைய நிலைமை நமக்கு விளங்குகிறதன்றோ? அதுபோலவே ஒரே தேதியைப் பல வருஷங்களுக்குத் தொடர்ந்து பார்த்தால் குளிரின் இயல்பைப் பற்றிச் சில விஷயங்கள் விளங்கும். அந்தக் கணக்கிலிருந்து எதைத் தெரிந்துகொள்ளலாம், எதைத் தெரிந்துகொள்ள இயலாது என்பதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. நாம் பனி என்று சொல்வது இலையின் மேல் நிற்கும் நீர்த்துளியை. குளிர் தேசங்களில் மேகத்திலுள்ள நீரே உறைந்து, வெண்மையான பூந்துகளாக வானத்திலிருந்து விழுகிறது. அதை இங்கே உறைபனி என்று குறிப்பிடுவோம். உஷ்ணத்தை அந்நாட்டு வழக்கப்படி பாரன்ஹீட் டிகிரியில் தருகிறேன். அந்த அளவில் நீர் உறைவது 32 டிகிரியில். பூஜ்யத்துக்குக் கீழ் என்றால் உறையும் நிலைக்கும் 32 டிகிரிக்கு மேல் தாழ்ந்த குளிர் என்று கொள்க.

குளிர் பிந்தி வருவதன் காரணம்

வடபாகத்தில் பகற்பொழுது மிகக் குறுகியிருப்பது டிசம்பர் 21 அல்லது 22-ஆம் தேதி. அப்படியானால் அன்றே குளிர் மிகுந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். பெரும்பாலான இடங்களில் அவ்வாறு இருப்பதில்லை. கடுங்குளிர் மூன்று நான்கு வாரங்கள் கழித்து ஜனவரியில்தான் வருகிறது.

சங்கத்துக் கணக்கை அறிந்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். ஒரு குடும்பத்தின் வரும்படி மிகவும் குறைந்துபோய், பிறகு சிறிது சிறிதாகக் கூடத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு அந்த வரும்படியைவிட மிகுதியாக இருக்கும் வரையில் கையிருப்பு குறைந்துகொண்டுதான் போகும். பூமி சூரியனிடமிருந்து பெறும் உஷ்ணம் வரவு. இரவும் பகலும் ஆகாயத்துக்கு விட்டுக்கொடுக்கும் உஷ்ணம் செலவு. டிசம்பர் இறுதியில் வரவு கூடத் தொடங்கினாலும் செலவு அதற்கு மேற்பட்டிருப்பதால், நிலமும் நீரும் மேன்மேலும் குளிர்ந்துகொண்டே போகின்றன. ஜனவரி 12 அக்குறைவு மிகுந்த வாரங்களில் அமைந்திருக்கிறது.

1888: இதமான காலைப்பொழுது

இத்தேதியின் கணக்கில் முதன்மையாக வைத்துச் சொல்லத்தக்கது 1888-ஆம் வருஷம். அன்று வியாழக்கிழமை. இடம், அமெரிக்கா ஐக்கிய நாடுகளின் நடுவிலுள்ள பரந்த புல்வெளிப் பிரதேசம். அதாவது டக்கோட்டா, நெப்ராஸ்கா, மினஸோட்டா, அயோவா முதலிய பகுதிகள்.

அங்கே வசித்தவர்களிற் பெரும்பாலோர் புதிதாகக் குடியேறிய விவசாயிகள். 1862-ஆம் வருஷத்துச் சட்டமொன்றின்படி, ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் நிலம் சொற்பக் கட்டணத்தில் சொந்தமாயிற்று. ஜெர்மனி, நார்வே, ஸ்வீடன், ருஷியா ஆகிய தேசங்களிலிருந்து ஏழைக் குடும்பங்கள் கப்பலேறி வந்தன. மரம் அரிதான அந்த நிலத்தில், புல்வேரோடு மண்ணைக் கட்டிகளாக வெட்டி அடுக்கிப் பலர் வீடு கட்டிக்கொண்டனர். பள்ளிக்கூடங்களிற் சிலவும் அத்தகையனவே. அந்த மண்ணின் வானிலையைப் பற்றி அவர்களுக்கு இருந்த ஞாபகம் ஐந்து அல்லது பத்து வருஷத்து ஞாபகம் மட்டுமே.

அதற்கு முந்திய நாட்களில் குளிர் கடுமையாக இருந்தது. 12-ஆம் தேதி காலையிலோ காற்று மெத்தென்று வீசிற்று. கூரையிலிருந்த உறைபனி உருகிச் சொட்டிற்று. அடைபட்டுக் கிடந்தவர்கள் மகிழ்ந்து வெளியே வந்தார்கள். ஆடவர் தொலைவிலிருந்த புற்போர்களிலிருந்து தீனி கொண்டுவரவும், மாடுகளை நீருக்கு ஓட்டவும் சென்றனர். குழந்தைகள் கனத்த மேலங்கிகளை வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் சென்றனர்.

டக்கோட்டாவில் முற்பகலிலும், தெற்கே நெப்ராஸ்காவிற் பிற்பகலிலும் புயல் வந்து தாக்கிற்று. வடமேற்கில் கருநிறச் சுவரொன்று உருண்டு வருவதுபோலக் கண்டதாகப் பிழைத்தவர்கள் கூறினார்கள். சில நிமிஷங்களுக்குள் காற்றுத் திசை மாறிற்று; மாவுபோன்ற நுண்ணிய உறைபனி காற்றில் நிறைந்து, நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. கண்ணிமைகள் உறைந்து ஒட்டிக்கொண்டன. அன்றிரவும் மறுநாட்காலையும் பல இடங்களில் உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழ் 20, 30 டிகிரி வரை தாழ்ந்தது.

பள்ளிக்கூட ஆசிரியைகள் பலர் இருபது வயதுக்கு உட்பட்ட பெண்கள். பிள்ளைகளை உள்ளே நிறுத்துவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று தாமே முடிவு செய்ய வேண்டியவர்களானார்கள். நெப்ராஸ்காவில் மீரா பள்ளத்தாக்கில் மின்னி பிரீமன் என்ற ஆசிரியை, காற்றுப் பள்ளிக்கூடத்தின் கூரையைப் பிய்த்தெறிந்த பின், பன்னிரண்டுக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஒன்றாய்ச் சேர்த்து அருகிலிருந்த பண்ணைவீட்டுக்குப் பத்திரமாய்க் கொண்டு சேர்த்தார். அதே நெப்ராஸ்காவில், பிளெயின்வியூ என்னும் ஊரருகே, லோயிஸ் ராய்ஸ் என்ற ஆசிரியைக்கு விறகு தீர்ந்துபோயிற்று. தாம் தங்கியிருந்த வீடு சில நூறு அடித் தொலைவில் இருக்கவே, மூன்று சிறு குழந்தைகளுடன் புறப்பட்டார். வழி தவறிற்று. வெட்டவெளியில் இரவு முழுவதும் குழந்தைகளைத் தம் உடலோடு அணைத்துக் கிடந்தார். விடிவதற்குள் மூன்று குழந்தைகளும் இறந்துவிட்டன. அவர் தம் பாதங்களை இழந்து உயிர் பிழைத்தார்.

முன்னவர் துணிவுடையவர், பின்னவர் அறியாதவர் என்று சொல்வது நியாயமாகாது. இருவரும் செய்தது ஒன்றே. காற்றின் போக்கும், விறகின் இருப்பும், வழியின் தூரமும் இருவருக்கும் வேறு வேறாக அமைந்தன.

இப்புயலில் மாண்டவர்களின் தொகை 235 என்று பொதுவாகக் கூறுவர். அவர்களிற் குழந்தைகள் பலராயிருந்தமையால், பள்ளிப் பிள்ளைகளின் பனிப்புயல் என்றே அதற்குப் பெயர் வழங்குகிறது.

காலை ஏன் இதமாக இருந்தது?

அந்த இதமான காலையை இயற்கை செய்த வஞ்சகம் என்று பலர் எழுதினர். உண்மையில் அக்காலையும் அப்புயலும் ஒரே காரியத்தின் இரண்டு பகுதிகள். வடதுருவப் பக்கத்தில் நீண்ட இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்துத் திரண்டு நிற்கும். அங்கிருந்து தெற்கே மெக்ஸிகோ வளைகுடா வரையில் குறுக்கே ஒரு மலையும் இல்லை. ராக்கி மலைத்தொடர் வடக்குத் தெற்காக ஓடுகிறதே யன்றித் தடுப்பதில்லை. ஆகையால் குளிர்காற்றுத் தடையின்றித் தெற்கே பாய்கிறது. அது வருமுன், அதன் முன்பக்கத்திலுள்ள தாழ்ந்த அழுத்தம் தெற்கத்திய வெப்பக் காற்றைத் தன்பால் இழுத்துக்கொள்ளுகிறது. அந்த இழுப்பே காலையின் இதம். பின்னால் வரும் கனத்த குளிர்காற்று, வெப்பக் காற்றின் அடியில் ஆப்புப்போல் நுழைந்து அதை மேலே தூக்கிவிடுகிறது. அப்போது உஷ்ணம் சட்டென விழுகிறது.

இதை அறிந்தவன் நடுக்குளிர்காலத்தில் திடீரென வந்த இதத்தைக் கண்டு மேலங்கியை விட்டுச் செல்லமாட்டான். அன்று அறிந்திருந்தவர்கள் மிகச் சிலரே.

எச்சரிக்கை எங்கே நின்றது?

அக்காலத்தில் அமெரிக்காவில் வானிலை அறிவிக்கும் வேலை ராணுவத்தின் சமிக்ஞைப் படையிடம் இருந்தது. 1870 முதல் அது இவ்வேலையைச் செய்துவந்தது. வடமேற்குப் பிரதேசத்துக்காகச் செயின்ட் பால் நகரில் 1887-ல் ஓர் அலுவலகம் ஏற்பட்டு, லெப்டினன்ட் தாமஸ் உட்ரப் என்பவர் அதன் பொறுப்பை ஏற்றிருந்தார். பல ஊர்களிலிருந்து தந்தியில் வந்த அளவுகளைப் படத்திற் குறித்து அவர் முன்னறிவிப்பு எழுதுவார். 12-ஆம் தேதிக்கு அவர் எழுதியதில், உறைபனி வாரிக் குவியும் என்பதும், பின்னர்க் குளிர் அலை வரும் என்பதும் இடம் பெற்றிருந்தன. குளிர் அலையை அறிவிக்க வெண்கொடியின் நடுவிற் கருஞ்சதுரம் அமைந்த கொடியை உயர்த்துவது வழக்கம்.

ஆனால் புயல் வரும் நாழிகையையும் அதன் கொடுமையையும் அவ்வறிவிப்புத் திட்டமாய்ச் சொல்லவில்லை. சொன்ன அளவும் தந்தி சென்ற இடத்தோடு நின்றது. தந்தி சென்றது ரயில்வே ஸ்டேஷனுக்கும் பத்திரிகைக் காரியாலயத்துக்கும்; கொடி பறந்தது பட்டணத்தில். பட்டணத்துக்குப் பத்து மைலுக்கு அப்பால், வேலியற்ற புல்வெளியில் மாடு மேய்த்தவனுக்கு அக்கொடியைக் காணவும் வழியில்லை. செய்தி கேட்கவும் வழியில்லை. அறிவு ஓரிடத்தில் இருந்தது; ஆபத்து மற்றோரிடத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவேயிருந்த சில மைல்களிலேதான் உயிர்கள் போயின. பிற்பாடு 1890-ல் சட்டம் இயற்றி, 1891-ல் அந்நாட்டு வானிலை வேலையை விவசாய இலாகாவுக்கு மாற்றினார்கள்.

1911, 1912: இரண்டு வேறு குளிர்கள்

அதே புல்வெளிப் பிரதேசத்தின் மேற்கில், கருங்குன்றுகள் என்ற மலைகளின் அடிவாரத்தில் ராபிட் ஸிட்டி என்னும் ஊர் இருக்கிறது. 1911-ஆம் வருஷம் ஜனவரி 12-ஆம் தேதி காலை 6 மணிக்கு அங்கே உஷ்ணமானி 49 டிகிரி காட்டிற்று. 8 மணிக்குப் பூஜ்யத்துக்குக் கீழ் 13 டிகிரி காட்டிற்று. இரண்டு மணி நேரத்தில் 62 டிகிரி வீழ்ச்சி! மலையிலிருந்து இறங்கும் காற்று அமுங்கிச் சூடேறி வெதுவெதுப்பாக வரும். சமவெளியில் குளிர்காற்று ஆழமில்லாத குளம்போலத் தேங்கியிருக்கும். அக்குளத்தின் கரை சிறிது நகர்ந்தாலும் கரையோர ஊரில் ருதுவே மாறியதுபோலாகும்.

இங்கே கணக்கெழுதுவோர் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. மேற்சொன்ன இரண்டு அளவுகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 18 டிகிரி வரும். சராசரி 18 என்று மட்டும் ஒருவர் எழுதிவைத்தால், கூட்டலிலும் வகுத்தலிலும் பிழையில்லை. ஆனால் அன்று ஊரார் பட்டது என்ன என்பது அடியோடு மறைந்துபோகும்.

மறு வருஷம் 1912-ல் இதே தேதியில், அயோவா மாகாணத்து வாஷ்டா என்னும் சிற்றூரிற் பூஜ்யத்துக்குக் கீழ் 47 டிகிரி பதிவாயிற்று. ஸென்டிகிரேடில் இது பூஜ்யத்துக்குக் கீழ் ஏறத்தாழ 44. அம்மாகாணத்தில் இதனினும் தாழ்ந்த அளவு இன்றுவரை பதிவானதில்லை. 1996-ஆம் வருஷம் பிப்ரவரி 3-ஆம் தேதி எல்கேடர் என்னும் ஊரில் இதற்குச் சமமான அளவு வந்தது.

வாஷ்டாவின் குளிர் புயற்குளிர் அன்று. இவ்வளவு தாழ்ந்த குளிர் பெரும்பாலும் அமைதியான இரவிலே விளைவது. மேகமில்லாத வானம், அசையாத காற்று, தரைமேல் உறைபனிப் போர்வை ஆகிய மூன்றும் கூடினால் தரையின் உஷ்ணம் தடையின்றி ஆகாயத்துக்குப் போய்விடும். குளிர்ந்த கனத்த காற்று, நீர் பள்ளத்தை நாடுவதுபோல, ஆற்றோரத் தாழ்நிலத்தில் வந்து தங்கும். வாஷ்டா ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள ஊர்.

1985, 1987: பழக்கமில்லாத இடத்துக் குளிர்

குளிரின் கொடுமை உஷ்ணமானியின் அளவை மட்டும் பொறுத்ததன்று; ஊராரின் ஆயத்தத்தையும் பொறுத்தது. இதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்லலாம்.

டெக்ஸாஸ் மாகாணத்து ஸான் அன்டோனியோ நகரம் ஏறத்தாழ நம் டில்லி நகரத்தின் அட்சரேகையில் இருப்பது. உறைபனியைக் காணாமலே அங்கே பல வருஷங்கள் கழியும். 1985-ஆம் வருஷம் ஜனவரி 12-ஐ ஒட்டிய நாட்களில் அங்கே 13.5 அங்குலம் உறைபனி பெய்தது. வடக்கத்திய நகரங்களில் இது வழக்கமான பெய்தல். பனி வாரும் ஏற்பாடுகள் அரிதான இந்நகரத்தில் போக்குவரத்து ஸ்தம்பித்துப் போயிற்று.

இரண்டு வருஷம் கழித்து 1987-ல், இதே தேதியில் தென்கிழக்கு இங்கிலாந்து இருபதாம் நூற்றாண்டின் மிகக் குளிர்ந்த பகற்பொழுதுகளில் ஒன்றைக் கண்டது. கிழக்கேயிருந்து வந்த கடுங்குளிர்க் காற்று வடகடலைக் கடக்கும்போது ஈரத்தை முகந்துகொண்டு, கென்ட் பகுதியில் உறைபனியாகக் கொட்டிற்று. ஷெப்பி தீவு சில நாட்கள் மற்ற இடங்களோடு தொடர்பற்றுக் கிடந்தது.

1997: அளந்த முறையில் வந்த சங்கடம்

நியூயார்க் மாகாணத்தில் ஒன்டேரியோ ஏரியின் கிழக்கே ஒரு மேட்டுநிலம் உண்டு. உறையாத ஏரியின்மேல் குளிர்காற்று வீசி ஈரம் முகந்து, மேட்டில் ஏறும்போது அங்கே உறைபனியாகக் கொட்டும். அம்மேட்டிலுள்ள மான்டேகு என்னும் ஊரில், 1997-ஆம் வருஷம் ஜனவரி 11, 12 தேதிகளில் 24 மணி நேரத்துக்குள் 77 அங்குலம் பெய்ததாகக் கணக்கிட்டார்கள். அதற்கு முன் அந்நாட்டில் பெயர்பெற்ற அளவு, 1921-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் கொலராடோவில் ஸில்வர் லேக் என்னுமிடத்தில் கண்ட 75.8 அங்குலமே.

புதிய அளவை ஆராய ஒரு குழு அமைந்தது. முடிவில் 77 அங்குலத்தை நாட்டின் உச்ச அளவாக ஏற்க இயலாது என்று தள்ளிவிட்டார்கள். பெய்ததில் சந்தேகமில்லை, அளந்தவரின் நேர்மையிலும் குறையில்லை. அளந்த தடவைகள் விதிக்கு மிஞ்சிவிட்டன. ஆறு மணிக்கு ஒருமுறை, அதாவது ஒரு நாளில் நான்கு முறைக்கு மேற்படாமல் அளக்க வேண்டும் என்பது விதி. உறைபனி தன் பாரத்தால் தானே அமுங்கும். அடிக்கடி அளந்து துடைத்துவிட்டால், அமுங்குவதற்குமுன் உள்ள தளர்ந்த உயரமே ஒவ்வொரு முறையும் கணக்கில் ஏறும். கூட்டினால் தொகை பெருகும். மரக்காலில் தளரப் பெய்து அளந்த நெல்லும், குலுக்கி அளந்த நெல்லும் ஒன்றாகுமா? களத்தில் நின்ற எவரும் இதற்கு விடை சொல்லிவிடுவார்.

தேதியின்மேல் குற்றமுண்டா?

இந்த விவரங்களை ஒரு சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர், "அப்படியானால் ஐயா, அந்தத் தேதியே ஆகாத தேதிபோலும்!" என்றார். நியாயமாக எழக்கூடிய எண்ணமே. ஆனால் கணக்கு அதற்கு இடந்தரவில்லை.

ராபிட் ஸிட்டியில் அதே 1911-ஆம் வருஷம் ஜனவரி 10-ஆம் தேதி, கால் மணி நேரத்துக்குள் 55 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்கு உஷ்ணம் விழுந்தது. அயோவாவின் மிகத் தாழ்ந்த குளிர் ஜனவரி 12-லும் வந்தது, பிப்ரவரி 3-லும் வந்தது. ஆயிரக்கணக்கான இடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட வருஷங்களாக நாள்தோறும் அளந்து எழுதும்போது, குளிர்காலத்தின் எந்தத் தேதியை எடுத்துக்கொண்டாலும் இத்தகைய பட்டியல் ஒன்று கிடைக்கும். தேதி என்பது நாம் ஏட்டின் ஓரத்தில் எழுதும் எண். காற்றும் நிலமும் கடலும் அதைப் படிப்பதில்லை. ஜனவரி நடுவே குளிர் மிகும் என்பதற்குச் சூரியனின் வரவு செலவே காரணம். அதற்குமேல் இத்தேதிக்குத் தனிச் சக்தி ஒன்றுமில்லை.

பின் இக்கணக்கினால் வரும் பிரயோஜனம் யாது? ஓரிடத்தில் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்ற எல்லையை அது காட்டுகிறது. 1888-ல் குடியேறியவர்களிடம் அந்த ஏடு இல்லை. தங்கள் சொந்த ஞாபகத்தை நம்பினார்கள். அந்த ஞாபகத்தில் அப்படிப்பட்ட வியாழக்கிழமை ஒன்றும் இல்லை.

நாம் கருதத்தக்கவை

நம் கிராமங்களில் உறைபனி விழப்போவதில்லை. ஆயினும் மழையும் வறட்சியும் பெருங்காற்றும் நமக்கும் உண்டு. மேற்கண்ட கணக்கிலிருந்து மூன்று விஷயங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, ஏடு. கிராமத்தில் மழை பெய்த நாளையும் அளவையும், கிணற்று நீர்மட்டத்தையும் ஒருவரே ஒரே முறையில் தவறாமல் குறித்து வரவேண்டும். முறை மாறினால் மான்டேகுவுக்கு நேர்ந்ததே நேரும். சராசரியோடு நில்லாமல், மிக மிகுந்ததையும் மிகக் குறைந்ததையும் தனியே எழுதவேண்டும்.

இரண்டாவது, சேமிப்பு. விதையும் தீவனமும் சங்கத்தின் ரிஸர்வ் நிதியும் சாதாரண வருஷத்தை மட்டும் எண்ணி வைக்கப்படலாகாது. ஏட்டில் கண்ட மிகக் கெட்ட வருஷத்தை மனத்திற்கொண்டே வைக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, எச்சரிக்கை. இது எல்லாவற்றிலும் முக்கியமானது. 1875-ல் ஏற்பட்ட நம் வானிலை இலாகா இன்று ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களின் உதவியால் பல நாட்களுக்கு முன்பே எச்சரிக்கை விடுகிறது. ரேடியோவிலும் டெலிபோனிலும் அது வந்து சேர்கிறது. ஆனால் சங்கக் கட்டிடத்துக்கு வந்த செய்தி, ஊர்க்கோடியில் தனிக்குடிசையில் இருப்பவருக்கும், மேய்ச்சலுக்குப் போன சிறுவனுக்கும், பள்ளிக்கூடத்து ஆசிரியருக்கும் யார் மூலம், எத்தனை நாழிகைக்குள் போய்ச் சேரும்? அடுத்த பஞ்சாயத்தார் கூட்டத்தில் இக்கேள்வியை எழுப்பி, தெருவுக்கு ஒருவர் என்று பெயர் குறித்து, அதை மினிட் புத்தகத்தில் பதிந்துவைப்பது நலம். செயின்ட் பால் நகரத்துக் கொடிக்கும் புல்வெளிப் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே அன்று அப்படி ஒருவரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை.